மலை வீட்டுக்குச் சமவெளிக் கணக்கு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீலகிரியில் வீட்டுக்கு சோலார் போட விரும்புவோர் கைக்கு வரும் விலைப்பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. 3 கிலோவாட் பேனல், மின்வாரியக் கம்பியோடு இணைந்து மட்டுமே ஓடும் ஒரு ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், இரும்புச் சட்டம், மத்திய அரசின் மானியம் 78,000 ரூபாய், கீழே கையெழுத்துக்கு ஓர் இடம். கோவையில் ஒரு மொட்டை மாடிக்கு இது போதும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகைக்கும், உறைபனி விழும் பள்ளத்தாக்குகளுக்கும், ஆடிக் காற்றில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்து கிடக்கும் ஊர்களுக்கும் இது போதாது. கொடைக்கானலுக்கும் இதே நிலைதான். மலையில் வயரிங், பிளம்பிங், கட்டட வேலை செய்கிறவர்கள் என்ற முறையில், வீட்டுக்காரர்கள் பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை உங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் வேலையின் வரிசை. மலை வீட்டில் வெந்நீர் முதலில் வர வேண்டும். அடுத்து கூரையும் கதவு ஜன்னலும். பேனல் அதற்குப் பிறகு. வரிசையைத் தலைகீழாக்கினால், வீணாகும் வெப்பத்தை ஈடுகட்டவே பேனல் வாங்கிக்கொண்டிருப்போம்.

வெந்நீர்க் கணக்கைப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் தலைக்கு 40 லிட்டர் என்றால் 160 லிட்டர். குளிர்காலத்தில் தொட்டித் தண்ணீர் 14 டிகிரியில் இருக்கிறது, குளிக்க 40 டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரை ஒரு டிகிரி உயர்த்த 1.16 வாட்-மணி தேவை. 160 லிட்டரை 26 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.8 யூனிட் ஆகிறது. இரண்டு மாத பில்லில் இது 290 யூனிட். அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டைப் போல இது கிட்டத்தட்ட மூன்று பங்கு. அதே வீட்டில் எல்.இ.டி. விளக்குகள், பிரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின், மிக்சி, மோட்டார், வைஃபை எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு இரண்டரை யூனிட்டைச் சுற்றியே வரும். மின்விசிறியும் ஏசியும் இல்லாத ஊரில் மின்சாரத்தைத் தின்பது கீசரும் ரூம் ஹீட்டரும்தான்.

ஆகவே முதல் செலவு சோலார் வாட்டர் ஹீட்டருக்கு. தட்டையான கண்ணாடிப் பெட்டி வகை, வெற்றிடக் குழாய் வகை என்று இரண்டு உண்டு. உறைபனி விழும் இடங்களில் வெற்றிடக் குழாயையே பரிந்துரைப்போம். கண்ணாடியின் இரு சுவர்களுக்கு நடுவே காற்றே இல்லாததால், குளிர்காற்று வீசினாலும் உள்ளே ஏறிய சூடு வெளியேறுவதில்லை. மேக வெளிச்சத்திலும் ஓரளவு வேலை செய்யும். தட்டை வகையில் செம்புக் குழாய்களுக்குள் தண்ணீர் நிற்கிறது. மேகமற்ற இரவில் அந்தத் தகடு வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். காற்று 2, 3 டிகிரியில் இருக்கும்போதே உள்ளே நீர் உறைந்து குழாய் வெடிக்கக் காரணம் இதுதான். தட்டை வகைதான் வேண்டும் என்றால், உறையாத திரவம் தனிச்சுற்றில் ஓடி தொட்டிக்குச் சூட்டைக் கடத்தும் மாதிரியைக் கேட்டு வாங்க வேண்டும்.

வெற்றிடக் குழாய்க்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒரு குழாய் உடைந்தாலும் தொட்டித் தண்ணீர் முழுவதும் அந்த வழியாக ஒழுகிவிடும். குரங்குத் தொல்லை உள்ள குன்னூர், கோத்தகிரி வீடுகளில் மேலே கம்பி வலை போடாமல் இதைப் பொருத்தக் கூடாது. வலையின் கண் அகலமாகவும் கம்பி மெல்லியதாகவும் இருந்தால் நிழல் இழப்பு சொற்பமே. மாற்றுக் குழாய் இரண்டை வீட்டிலேயே வைத்திருங்கள். மாற்றும்போது கவனம் தேவை: வெயிலில் காய்ந்த வெறும் குழாய்க்குள் குளிர்ந்த நீர் பாய்ந்தால் கண்ணாடி வெடிக்கும். காலை வெயிலுக்கு முன் மாற்ற வேண்டும், அல்லது சாக்கால் மூடிவைத்து ஆறிய பிறகு.

தொட்டியைச் சுற்றியுள்ள பஃப் (நுரை) காப்பு 50 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குளிர்நீர்த் தொட்டியின் அடிமட்டம் வெந்நீர்த் தொட்டியின் மேல்மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். காற்றுப் போகும் குழாய் அதைவிடவும் உயரம். இந்த உயரக் கணக்கு தவறினால் மேல்மாடிக் குளியலறையில் வெந்நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

குழாய்ப் பாதையை யாரும் கவனிப்பதில்லை. வெந்நீருக்குப் போடும் முக்கால் அங்குல சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் மீட்டருக்குச் சுமார் கால் லிட்டர் நீரைப் பிடிக்கும். தொட்டியிலிருந்து குளியலறைக்கு 16 மீட்டர் என்றால், குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் 4 லிட்டர் குளிர்நீர் வெளியேறிய பிறகே சூடு வரும். மூடிய பின் அதே 4 லிட்டர் வெந்நீர் குழாயிலேயே ஆறிப்போகும். புதுவீடு கட்டுவோர் சமையலறையையும் குளியலறைகளையும் ஒரே செங்குத்துக் கோட்டில் வைத்து, ஹீட்டரை நேர் மேலே வைத்தால் இந்த இழப்பு பாதிக்கு மேல் குறையும். வெளியில் ஓடும் குழாய் அனைத்துக்கும், குளிர்நீர்க் குழாய்க்கும் சேர்த்து, நைட்ரைல் ரப்பர் உறை போட வேண்டும். அதன்மேல் அலுமினிய நாடாவோ பி.வி.சி. உறையோ சுற்றாவிட்டால் மலை வெயிலின் புற ஊதாக் கதிரில் ரப்பர் பொடிந்துவிடும்.

மழைக்காலத்துக்காகத் தொட்டிக்குள் வைக்கும் 2 கிலோவாட் மின்சூடேற்றியை நாள் முழுக்க தானியங்கியில் விட்டுவிடாதீர்கள். விட்டால் இரவெல்லாம் மின்வாரியச் செலவில் நீர் சூடாகும். காலையில் சூரியன் வரும்போது தொட்டி ஏற்கெனவே சூடாக இருப்பதால் வெயிலுக்கு வேலையே இருக்காது. ஒரு டைமர் போட்டு, குளிப்பதற்கு முன்பு தேவையான நேரம் மட்டும் ஓடவிட்டால் போதும்.

அடுத்து கூரை. 100 சதுர மீட்டர் கான்கிரீட் கூரை, உள்ளே 18 டிகிரி, வெளியே 8 டிகிரி. வெறும் தளத்தின் வழியே வெளியேறும் வெப்பம் 3 கிலோவாட்டுக்கு மேல். ஒன்றரை ரூம் ஹீட்டர் இடைவிடாமல் எரிவதற்கு இது சமம். தளத்தின்மேல் 50 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். என்னும் கெட்டி நுரைப் பலகை பரப்பி, அதன்மேல் சிமென்ட் பூச்சும் ஓடும் போட்டால் அந்த இழப்பு அரை கிலோவாட்டுக்கு இறங்கும். பேனல் சட்டத்துக்கான தூண்களை இந்த வேலைக்கு முன்பே எழுப்பி, நீர்க்காப்பையும் அவற்றோடு சேர்த்து முடித்துவிட வேண்டும். பிறகு வந்து தளத்தைத் துளைத்தால் முதல் பருவமழையிலேயே கசியும்.

தகரக் கூரை வீடுகளில், ஹட்டிகளின் (படுகர் ஊர்களின்) வரிசை வீடுகளிலும் எஸ்டேட் குடியிருப்புகளிலும் பார்ப்பவை, பலகைத் தளத்துக்கு மேல் 50 மில்லிமீட்டர் ராக்வூல் (பாறைக் கம்பளி) விரிக்கலாம். ஆனால் கம்பளித் தாளின் ஈரத்தடுப்புப் பக்கம் அறையை நோக்கி, அதாவது சூடான பக்கம் நோக்கி இருக்க வேண்டும். தகரத்துக்கும் அதற்கும் இடையே ஓர் அங்குலம் காற்றோட்டமும் வேண்டும். இல்லாவிட்டால் இரவில் தகரத்தின் அடியில் வியர்க்கும் நீர் ராக்வூலில் இறங்கி, நனைந்த கம்பளி எதற்கும் உதவாமல் போகும். வெள்ளிநிறக் குமிழித் தாளை மட்டும் ஒட்டிவிட்டு காப்பு முடிந்தது என்று சொல்வோரை நம்ப வேண்டாம். வரிசை வீடுகளுக்கு இயல்பாகவே ஒரு நன்மை உண்டு. நடுவீட்டின் இரு பக்கச் சுவர்களும் அடுத்த வீட்டுச் சூட்டோடு ஒட்டியிருக்கின்றன. அங்கே கூரையைக் காத்தாலே முக்கால் வேலை முடிந்தது.

கதவின் அடியில் 5 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால், 90 சென்டிமீட்டர் அகலக் கதவுக்கு அது 45 சதுர சென்டிமீட்டர் ஓட்டை. சுவரில் இரண்டு தீப்பெட்டி நுழையும் ஓட்டை இருந்தால் உடனே அடைப்போம். கதவடி இடுக்கை ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறோம். ரப்பர் பட்டையும் கதவடி பிரஷும் மிகக் குறைந்த செலவில் அதிகப் பலன் தருபவை.

ஜன்னல் விஷயத்தில் இயற்கை நமக்குச் சாதகமாக இருக்கிறது. உறைபனி விழுவதே மேகமற்ற இரவுகளில்தான். ஆகவே டிசம்பர், ஜனவரியில் மிகக் குளிர்ந்த இரவுகளை அடுத்து நல்ல வெயில் வருகிறது. அப்போது உதகையில் நண்பகல் சூரியன் தெற்கே 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்குச் சுவரில் உள்ள கண்ணாடி அந்த வெயிலை அறையின் நடுவரை கொண்டுவரும். தரை சிமென்ட்டாகவோ கல்லாகவோ இருந்தால் பகலில் வாங்கிய சூட்டை இரவு பத்து மணி வரை விடும். மாலை வெயில் இறங்கியதும் கனமான திரையை இழுத்துவிட வேண்டும். ஒற்றைக் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, உள்ளும் வெளியும் 10 டிகிரி வித்தியாசத்தில், 57 வாட் வரை இழக்கும். இரட்டைக் கண்ணாடியில் அது பாதி. வடக்கு, மேற்கு ஜன்னல்களுக்கு முதலில் இரட்டைக் கண்ணாடி போடுங்கள். தெற்குப் பக்கம் பணம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டின் பின்புறம் மண்மேட்டை வெட்டிக் கட்டிய சுவர் ஈரம் ஏறி நின்றால் எந்தக் காப்பும் பயன்தராது. ஈரச்சுவர் சூட்டை வேகமாகக் கடத்தும், பூஞ்சையும் பிடிக்கும். மேட்டுக்கும் சுவருக்கும் இடையே குறைந்தது இரண்டு, மூன்று அடி விட்டு வடிகால் அமைத்த பிறகே உள்வேலையைத் தொடங்க வேண்டும்.

இதோடு ஓர் எச்சரிக்கை. இடுக்கையெல்லாம் அடைத்த அறையில் கரி அடுப்பு வைத்துக் குளிர்காய்வது உயிரைப் பறிக்கும். கரிக் கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை. தூக்கத்திலேயே மயக்கம், பிறகு மரணம். வீட்டைக் காப்பிடும்போதே கரி அடுப்பை முற்றத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

இந்த வேலைகளுக்குப் பின் மிஞ்சுவது நாளைக்கு இரண்டரை யூனிட் தேவை. இப்போது பேனலுக்கு வருவோம். நல்ல வெயில் நாளில் ஒரு கிலோவாட் பேனல் சுமார் 4 யூனிட் தரும். அடர்ந்த மழைமேக நாளில் ஒரு யூனிட் வந்தாலே பெரிது. 3 கிலோவாட் போட்டால் மோசமான நாளிலும் அன்றாடத் தேவை ஏறக்குறைய நிறைவேறும். மானியமும் முதல் 2 கிலோவாட்டுக்கு 30,000 வீதம், மூன்றாவதற்கு 18,000 என்று 3 கிலோவாட்டோடு உச்சத்தைத் தொடுகிறது. வீட்டுத் தேவையும் மானியக் கணக்கும் ஒரே இடத்தில் சந்திப்பது மலை வீட்டுக்கு வாய்ப்பாக அமைந்திருக்கிறது. கீசரை வைத்துக்கொண்டே 5 கிலோவாட் போடச் சொல்லும் ஆலோசனை வியாபாரத்துக்கு நல்லது, வீட்டுக்கு அல்ல.

பேனல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? தெற்கு என்பது பொதுவிதி. ஆனால் உதகையின் அட்சரேகைக்கு ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. அதே மாதங்களின் பெரும்பகுதியில்தான் தென்மேற்குப் பருவமழை மேகமும் மூடியிருக்கும். மேக வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் அப்போது சாய்வு பெரிய வித்தியாசம் தராது. எனவே தெற்கு நோக்கி 15 முதல் 20 டிகிரி சாய்த்து, வெயில் உள்ள குளிர்கால மாதங்களுக்காக அமைப்பதே லாபம். கூரை தெற்குப் பார்க்கவில்லை என்றால் அடுத்த தேர்வு கிழக்கு. மலையில் காலை தெளிவாக இருந்து பிற்பகலில் மேகமும் பனிமூட்டமும் ஏறும் நாட்கள் அதிகம். மேற்குக் கூரை அந்தக் காலை வெயிலைத் தவறவிடும். செங்குத்தான வடக்குக் கூரையைத் தவிர்த்துவிடுங்கள். 25 டிகிரி வடக்குச் சாய்வில் டிசம்பர் நண்பகலின் நேர்வெயில் பாதிதான் விழும்.

நிழலை மே மாதத்தில் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. டிசம்பரில் சூரியன் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும். அந்தத் திசையில் எதிர்மலை இருந்தால் வெயில் வரவே ஒன்பது மணி ஆகலாம். காலை 9, பிற்பகல் 3 ஆகிய நேரங்களில் கூரையில் என்ன நிழல் விழுகிறது என்பதை அந்த மாதத்தில் பார்க்க வேண்டும். பக்கத்துச் சீகையோ கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ மறைத்தால், வெட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் வடிவமைக்காதீர்கள். மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955 முதல் தனிச்சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் கோடாரி வைக்க முடியாது. நிழல் படும் பேனல்களைத் தனி வரிசையாகப் பிரித்து, ஒரு வரிசையிலிருந்து முடிந்த அளவு மின்சாரத்தை எடுக்கும் எம்.பி.பி.டி. சுற்று இரண்டு உள்ள இன்வெர்ட்டரில் தனித்தனியாக இணைப்பதே வழி.

15 டிகிரிக்குக் கீழே சாய்வு இருந்தால் இன்னொரு சிக்கல். பேனலின் கீழ் விளிம்பில் நீர் தேங்கி, தூசி படிந்து, பாசி பிடிக்கும். ஒரு விரல் அகலப் பாசி கீழ் வரிசை செல்களை மறைத்தாலே போதும். பேனல் நெடுக்காக நிற்கும்போது, செல்களைப் பாதியாக வெட்டி அமைத்த அரைவெட்டு வகையானால் கீழ்ப்பாதி முழுவதும் சோர்ந்துவிடும். படுக்கையாக வைத்தால் இழப்பு மூன்றில் ஒரு பங்கோடு நிற்கும். ஈரம் அதிகமுள்ள இடங்களில் படுக்கையாக வைப்பதையே விரும்புகிறோம். கழுவ மென்மையான பிரஷும் சாதாரண நீரும் போதும். உறைபனி படிந்த காலையில் வெந்நீர் ஊற்றக் கூடாது, கண்ணாடி விரியும். வெயில் பட்டதும் பனி தானே உருகிவிடும்.

குளிர் பேனலுக்கு நல்லது. சமவெளியில் நண்பகலில் பேனல் 60 டிகிரிக்கு மேல் கொதித்து 13 சதவீதம் போல இழக்கும்போது, உதகையில் 45 டிகிரியில் இருந்து 7 சதவீதமே இழக்கும். ஆனால் இதே குளிர் வோல்ட்டேஜை ஏற்றுகிறது. மலையில் கருவிகள் எரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பேனலின் பின்னால் அச்சிட்ட வோல்ட்டேஜ் 25 டிகிரிக்கு உரியது. ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் அது 0.3 சதவீதம் அளவுக்கு உயரும். 49.5 வோல்ட் பேனல் மூன்றைத் தொடராக இணைத்தால் 148.5 வோல்ட். பேட்டரி சார்ஜ் ஆவதைக் கட்டுப்படுத்தும், 150 வோல்ட் வரை தாங்கும் சார்ஜ் கன்ட்ரோலரில் சமவெளியில் இது எப்படியோ தப்பிக்கும். உறைபனிக் காலையில், 0 டிகிரியில், அதே மூன்று பேனல் 159 வோல்ட்டைத் தொடும். சூரியன் எட்டிப் பார்த்த சில நிமிடங்களிலேயே கன்ட்ரோலர் போய்விடும். அங்கே இரண்டு பேனல் தொடரே சரி. 500, 600 வோல்ட் தாங்கும் இன்வெர்ட்டர்களில் ஆறு பேனல் தொடருக்கு ஆபத்தில்லை. எதுவானாலும், குறைந்தபட்ச வெப்பநிலைக்குக் கணக்கிட்ட வோல்ட்டேஜை எழுத்தில் கேளுங்கள்.

பேட்டரியும் குளிரில் குணம் மாறும். ஈய-அமில டியூபுலர் பேட்டரியின் கொள்ளளவு 0 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதைவிடப் பெரிய தொல்லை சார்ஜ் ஆவதில். 25 டிகிரியில் 14.4 வோல்ட்டில் நிறையும் 12 வோல்ட் பேட்டரிக்கு 10 டிகிரியில் சுமார் 14.75 வோல்ட் வேண்டும். இன்வெர்ட்டரில் சமவெளி அளவே வைத்திருந்தால் பேட்டரி ஒருநாளும் முழுதாக நிறையாது. தகடுகளில் சல்பேட் படிந்து, ஐந்தாண்டு வர வேண்டியது இரண்டாண்டில் போகும். பேட்டரியின் உடலில் ஒட்டும் வெப்ப உணரி உள்ள இன்வெர்ட்டர் வாங்கினால் அது தானே சரிசெய்துகொள்ளும். குளிருக்குப் பயந்து பேட்டரி அறையை அடைத்துவிடாதீர்கள், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு இந்தச் சல்பேட், ஹைட்ரஜன் தொல்லைகள் இல்லை. ஆனால் 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவே கூடாது. வெளிக் கொட்டகையிலும் கூரை அடியிலும் வைக்காமல் வீட்டின் உள்சுவரில் பொருத்த வேண்டும். 5 யூனிட் கொள்ளளவு லித்தியம் பேட்டரி, விளக்கு, பிரிட்ஜ், வைஃபை ஆகியவற்றை இரண்டு இரவுகளுக்குத் தாங்கும்.

இங்கேதான் விலைப்பட்டியலில் சொல்லாமல் விடும் விஷயம் வருகிறது. ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் மின்வாரிய மின்சாரம் நின்ற நொடியே தானும் நிற்கும். கம்பியில் வேலை செய்யும் ஊழியர் மீது கூரை மின்சாரம் பாயாமல் காக்கும் ஏற்பாடு அது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாங்குகிறவருக்கு இது தெரிய வேண்டும். 1932-லேயே பைக்காராவில் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய மாவட்டம் இது. இருந்தும், காட்டுக்குள் ஓடும் கம்பிமேல் ஒரு கிளை விழுந்தால் எத்தனை மணி நேரம் இருளில் இருக்கிறோம் என்பது எல்லோரும் அறிந்ததே. அந்த நேரத்தில் கூரைமேல் பளபளக்கும் 3 கிலோவாட் பேனலால் ஒரு விளக்கைக்கூட எரிக்க முடியாது. மலைக்கு, மின்தடையிலும் பேட்டரியோடு ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் சிறிய பேட்டரியும் அவசியம். பேட்டரிக்கு அந்த மானியம் கிடையாது என்பதால் அதன் விலையை முதலிலேயே தனியாகக் கணக்கில் வையுங்கள்.

ஹைப்ரிட் போடும்போது அவசியச் சுற்று என்று தனியாகப் பிரிக்க வேண்டும்: விளக்குகள், பிரிட்ஜ், வைஃபை, ஒரு பிளக். கீசர், ரூம் ஹீட்டர், இண்டக்ஷன் அடுப்பு அதில் வரக் கூடாது. பழைய வீடுகளில் நியூட்ரல் கம்பிகள் எல்லா அறைக்கும் பொதுவாக ஓடும். அவசியச் சுற்றின் நியூட்ரலும் பிரிக்காமல் அதோடு கலந்திருந்தால் மின்கசிவு கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் காரணம் தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும். இன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்று கம்பெனியைக் கூப்பிடுவார்கள். குற்றம் சுவிட்ச் போர்டுக்குள் இருக்கும். பேஸ் கம்பியோடு நியூட்ரலையும் சேர்த்துப் பிரிப்பதே தீர்வு.

மழைக்காலக் காலைகளில் இன்னொரு புகார் உண்டு. இன்வெர்ட்டர் காப்புத்தடை குறைவு என்று காட்டி ஓடாது, பத்து, பதினொரு மணிக்குத் தானே ஓடும். காரணம் பெரும்பாலும் பேனல் கம்பிகளை இணைக்கும் எம்.சி.4 முனைகள். ஒரு கம்பெனியின் ஆண் முனையையும் இன்னொரு கம்பெனியின் பெண் முனையையும் சேர்த்திருப்பார்கள், அல்லது குறடால் நசுக்கிப் பொருத்தியிருப்பார்கள், அல்லது முனை தகரத்தின் பள்ளத்தில் நீரில் கிடக்கும். ஒரே கம்பெனி முனை, அதற்குரிய கிரிம்பிங் கருவி, பேனல் சட்டத்துக்கு அடியில் தொங்காமல் கட்டுவது, இந்த மூன்றும் செய்தால் புகார் நின்றுவிடும். பெட்டிகளுக்குள் கம்பி நுழையும் இடம் எப்போதும் அடிப்பக்கமே இருக்கட்டும். நுழைவதற்கு முன் கம்பியை சற்றுக் கீழே வளைத்துவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

எர்த் விஷயத்தில் மலையின் பாறை இடையூறாக நிற்கும். மூன்று மீட்டர் தோண்ட முடியாத இடத்தில் ஒன்றரை மீட்டரில் கம்பியைப் புதைத்து முடித்துவிடுகிறார்கள். செங்குத்தாக முடியாவிட்டால் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையைக் கிடைமட்டமாக நீளப் புதைத்து, 5 ஓமுக்குக் கீழே வரும்வரை நீட்ட வேண்டும். இடிதாங்கி, டி.சி., ஏ.சி. மூன்றுக்கும் தனித்தனிக் குழி. டி.சி. பக்கமும் ஏ.சி. பக்கமும், திடீரென ஏறும் வோல்ட்டேஜைத் தடுக்கும் எஸ்.பி.டி. இருக்க வேண்டும். கோடை இடிமழையில் இவை இல்லாத வீட்டின் இன்வெர்ட்டர்தான் முதலில் பலியாகும். அளந்த ஓம் மதிப்பை மீட்டரில் காட்டச் சொல்லுங்கள்.

தகரக் கூரையில் பேனலைப் பிடிக்கும் திருகு அடியிலுள்ள மரச்சட்டத்தில் இறங்க வேண்டும். தகரத்தின் மேட்டில் துளையிட வேண்டும், பள்ளத்தில் கூடாது. துரு ஏறாத எஃகு போல்ட்டும் இ.பி.டி.எம். ரப்பர் வாஷரும் தேவை. பழைய மரச்சட்டம் உளுத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், சட்டத்தோடு சேர்த்து பேனல் சதுர மீட்டருக்கு 15 கிலோ வரை கனக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் துளைக்கவே வேண்டாம். தூசியும் ஆபத்து, ஏறுபவர் உடைந்து விழுவதும் ஆபத்து. கூரை சரியில்லை என்று சரிவை வெட்டித் தரையில் பேனல் நடுவோருக்கு 2009 நவம்பர் மண்சரிவை நினைவூட்டுகிறோம். தரைக்கு வந்துவிட்டால் காட்டெருமைக்கும் வேலி போட வேண்டியிருக்கும்.

மின்பகிர்மானக் கழகத்துக்கு எங்கள் கோரிக்கை இரண்டு. மலைப்பகுதி விண்ணப்பதாரர்களுக்கு அனுப்பும் ஒப்புதல் கடிதத்தில், "ஆன்-கிரிட் அமைப்பு மின்தடையின்போது இயங்காது" என்ற ஒரு வரியைத் தமிழில் அச்சிட வேண்டும். இணைப்புக்கு முன் நடக்கும் ஆய்வில், எர்த் அளவீட்டோடு, உறைபனிக் கால வெப்பநிலைக்குக் கணக்கிட்ட தொடர் வோல்ட்டேஜையும் நிறுவுபவரிடம் எழுதி வாங்கிக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டு மின் இணைப்பு, குழாய், கட்டட வேலை செய்வோர் சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.